சுருட்டை முடி ஒரு குறையா?



வாரா வாரம் இந்தப் பகுதியைத் தவறாமல் படிப்பவள் நான். சமையல் வேலை முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பாப்பா தூங்கும் நேரத்தில்தான் படிக்கக் கிடைக்கும். படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. பத்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள். போன மாதம் ஒரு சகோதரி கேட்டிருந்த கேள்விதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

"என் இரண்டு வயது மகளுக்குச் சுருட்டை முடி. எந்நேரமும் பரட்டையாக நிற்கிறது. நாலு பேர் வீட்டுக்கு அழைத்துப் போகவே கூச்சமாக இருக்கிறது. முடி நேராக வளர என்ன செய்யலாம்?" என்று அவர் கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில்களில் ஒருவர், மூன்று மொட்டை அடித்தால் சரியாகிவிடும் என்றார். ஒருவர், கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் என்றார். இன்னொருவர், எண்ணெயை வழிய வைத்து இறுக்கிப் பின்னினால் ஆறே மாதத்தில் படிந்துவிடும் என்றார்.

அந்த மூன்றையும் என் குழந்தைக்குச் செய்து பார்த்தவள் நான். மூன்றாவது மொட்டை ஒன்றுதான் பாக்கி. பட்டவள் என்ற முறையில் சொல்கிறேன். தயவு செய்து இவற்றில் எதையும் செய்யாதீர்கள்.

எனக்கும் சுருட்டை முடிதான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே கிடையாது. "ஏய் பரட்டை" என்றால் திரும்பிப் பார்ப்பேன். எங்கள் அப்பத்தா மட்டும், "சுருட்டை முடி சோறு போடும்டி, நீ ஏன் அழுகுறே" என்று சொல்லி மடியில் படுக்க வைத்துக் கொள்ளும். ஆனாலும் பின்னல் நீளமாகத் தொங்கும் பெண்களைப் பார்த்தால் எனக்குள் ஒரு ஏக்கம் இருந்துகொண்டேதான் இருந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது அம்மா என் தலையில் கால் படி எண்ணெயைக் கொட்டி, படிய வாரி, சவுரி வைத்துப் பின்னிவிட்டதை இன்றைக்கும் மறக்கவில்லை.

எனக்கு மகள் பிறந்தபோது தலையில் பட்டு நூல் மாதிரி முடி. நேராகத்தான் இருந்தது. "அப்பாடா, நம்மளை மாதிரி இல்லை" என்று நிம்மதியாக இருந்தேன். பதினோராம் மாதம் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். அதற்குப் பிறகு வளர்ந்த முடி சுருண்டு சுருண்டு வந்தது. அத்தை பார்த்துவிட்டு, "இது உங்க வீட்டு முடில்ல? இன்னொரு மொட்டை போட்டா நேரா வந்துரும்" என்றார்கள். ஒன்றே முக்கால் வயதில் இன்னொரு கோயிலில் இரண்டாவது மொட்டை. குழந்தை மிரண்டு தலையைத் திருப்பியதில் காதுக்கு மேலே பிளேடு கீறி ரத்தம் வந்துவிட்டது. நல்ல வேளை, என்னவர் புது பிளேடு வாங்கிக் கொடுத்து, கண்ணெதிரே மாட்டச் சொல்லியிருந்தார். வேண்டுதலுக்கு மொட்டை போடுகிறவர்கள் போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவருக்குப் போட்ட பிளேடு இன்னொரு குழந்தையின் தலையில் படக் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமி முதல் எய்ட்ஸ் கிருமி வரை ரத்தத்தின் வழியாகப் பரவக் கூடியவை.

சரி, இரண்டாவது மொட்டைக்குப் பிறகு முடி எப்படி வந்தது தெரியுமா? முன்னைவிட நெருக்கமான சுருள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் தினமும் காலையில் சண்டை. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தானே முடி வளரும்? ஏழெட்டு மாதத்தில் காதை மூடும் அளவுக்கு வந்தது. வந்ததும் சிக்கு. என்னவர் உரக்கடைக்குக் கிளம்பும் நேரம், குக்கர் விசில் அடிக்கும் நேரம், அந்த அவசரத்தில் பாப்பாவை இழுத்துக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக் கொள்வேன். காய்ந்த தலையில் நெருக்கமான சீப்பை உச்சியில் வைத்து ஒரே இழுப்பாகக் கீழே இழுப்பேன். அவள் கத்துவாள். ஆடாதே என்று முதுகில் ஒரு அடி வைப்பேன். பிறகு எண்ணெயைத் தடவி, கண் மேலே ஏறுகிற அளவுக்கு இழுத்து, இரண்டு பக்கமும் ரப்பர் பேண்டு போடுவேன். நெற்றி பளபளவென்று இருந்தால் எனக்கு ஒரு திருப்தி. குழந்தையை நன்றாக வைத்திருக்கிறாள் என்று நாலு பேர் சொல்ல வேண்டுமே!

சீப்பு அடிக்கடி காணாமல் போக ஆரம்பித்தது. ஒரு நாள் அரிசி அளக்கும்போது டிரம்முக்குள் கிடந்தது. இன்னொரு நாள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று நினைத்து, இரண்டு தடவை திட்டினேன்.

இந்தச் சமயத்தில் நாத்தனார் மகள் கல்யாணம் வந்தது. பெண்ணுக்கு முடி நேராக்க அழகு நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் பாப்பாவைப் பார்த்துவிட்டு, "குட்டிக்கும் லைட்டா போட்டுரலாம்க்கா. ஆறு மாசத்துக்குக் கவலை இல்லை" என்றார். உண்மையைச் சொல்கிறேன், சகோதரிகளே, எனக்கு ஆசை வந்துவிட்டது. மண்டபத்தில் என் மகளைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாதல்லவா? பணம் எவ்வளவு என்றுகூடக் கேட்டுவிட்டேன். அதற்குள் கல்யாணப் பெண்ணின் தலையில் மருந்து தடவி, சூட்டுக் கம்பியால் இழுத்தார்கள். புகை மாதிரி ஆவி வந்தது. எங்கள் எல்லாருக்கும் கண் எரிந்தது. பாப்பா இருமி இருமி வாந்தி எடுத்துவிட்டாள். தூக்கிக் கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த இருமல் வந்திராவிட்டால், இரண்டரை வயதுக் குழந்தையின் தலையில் அந்த மருந்தை நானே தடவ விட்டிருப்பேன். இப்போது நினைத்தாலும் பகீர் என்கிறது.

கல்யாணம் முடிந்து வந்த ஒரு வாரத்தில் ஒரு நாள் மதியம், அடுப்படியில் வேலையாக இருந்தேன். முற்றத்தில் பாப்பாவின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், பொம்மையைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக் கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் என் சீப்பு. பொம்மையின் முடியைப் பிடித்து இழுத்து, "ஆடாதே... ஆடாதேன்னு சொன்னேன்ல" என்று முதுகில் பட் பட் என்று அடிக்கிறாள். முகத்தைக்கூட என்னை மாதிரியே கடுகடுவென்று வைத்திருந்தாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். சீப்பு ஏன் அரிசி டிரம்முக்குள் போனது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று இரவு தூங்கும்போது அவள் தலையைத் தடவிப் பார்த்தேன். நெற்றி ஓரத்தில், இரண்டு பொட்டுக்கு மேலேயும் முடி மெலிந்து தோல் தெரிந்தது. சிறுசிறு பருப்போலக் கொப்புளமும் இருந்தது. மறுநாளே அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனேன்.

அவர் விளக்கு வைத்துப் பார்த்தார். தினமும் எப்படிச் சீவுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "முடிக்கு வைத்தியம் வேண்டாம்மா. உன் கைக்குத்தான் வைத்தியம் வேணும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். முடி இறுக்கமாக இழுபட்டுக் கொண்டே இருந்தால் வேர் நோகும். முதலில் நெற்றி ஓரமும் பொட்டுப் பக்கமும்தான் உதிரும். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் திரும்ப முளைத்துவிடும். வருஷக்கணக்கில் இழுத்துக் கட்டிக் கொண்டே இருந்தால் வேர் செத்துப் போய், பிறகு முளைக்கவே முளைக்காது. அந்தக் கொப்புளங்களும் இழுத்துக் கட்டியதால் வந்தவைதானாம்.

"மொட்டை போட்டால் நேராகுமா டாக்டர்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். முடி சுருளுவது தோலுக்குள்ளே இருக்கும் வேர்ப்பையின் அமைப்பினால்தான். வேர்ப்பை வளைந்திருந்தால் முடியும் வளைந்து வரும். பிளேடு தோலுக்கு மேலே இருப்பதை மட்டும்தான் எடுக்கிறது. உள்ளே இருப்பதை எப்படி மாற்றும்? பிறந்த முடி உதிர்ந்து, குழந்தைக்கு உரிய முடி வரும்போது சிலருக்குச் சுருளும், சிலருக்கு நேராகும். அது தானாக நடப்பது. நாம் அந்தச் சமயத்தில் மொட்டை போட்டிருப்பதால் மொட்டையினால்தான் மாறியது என்று நினைத்துக் கொள்கிறோம்.

பரட்டையாக நிற்பதற்கும் காரணம் சொன்னார். தலைத்தோலில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை சுரக்கிறது. நேரான முடியில் அது நுனி வரை வழுக்கிக் கொண்டு இறங்கிவிடும். சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவிலும் தடைப்படுவதால் நுனிக்குப் போய்ச் சேருவதில்லை. அதனால் நுனி காய்ந்து போகிறது. காய்ந்த முடி காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து உப்பிக் கொள்கிறது. மழைக்காலத்தில் நம் தலை பம்மென்று நிற்பது இதனால்தான். இது நோயும் இல்லை, அழுக்கும் இல்லை, வளர்ப்பின் குறையும் இல்லை. ஆனால் சுலபமாக ஒடிகிற முடி என்பதால் பதமாகக் கையாள வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். செலவு அதிகம் இல்லை.

வாரத்துக்கு ஒரு நாள், வியர்வை அதிகமான கோடையில் இரண்டு நாள் தலைக்கு ஊற்றுகிறேன். தினமும் தலைக்கு ஊற்றினால் இருக்கிற பசையும் போய்விடும். குளிப்பதற்கு அரை மணி முன்னால் ஒரு சிறு கரண்டி தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, முடியின் நுனிப் பக்கமாகத் தடவுகிறேன். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊறி, கழுவும்போது முடியின் சத்து கரைந்து போகாமல் காக்கிறது. இது வெறும் பாட்டி சொல் இல்லை, ஆராய்ச்சியிலும் கண்டிருக்கிறார்கள். ஆனால் நெற்றியில் வழிய வழிய வைக்கத் தேவையில்லை. வழிந்தால் தூசி ஒட்டும், வெயில் காலத்தில் சூட்டுக் கொப்புளம் வரும்.

சீயக்காயைப் பாப்பாவுக்கு நிறுத்திவிட்டேன். கண்ணில் பட்டால் துடித்துப் போகிறாள், முடியும் இன்னும் காய்கிறது. குழந்தைகளுக்கு என்று விற்கும் ஷாம்பு கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, தலைத்தோலில் மட்டும் விரலால் தேய்க்கிறேன். முடியைக் கசக்குவதில்லை. பிறகு கண்டிஷனர். அது இல்லாத நாளில் செம்பருத்தி இலையை நீரில் கசக்கி, துணியில் வடிகட்டிய வழுவழுப்பான சாறு. எதுவானாலும் முதல் தடவை முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டுப் போடுங்கள். சில குழந்தைகளுக்கு அரிக்கும்.

அந்த வழுவழுப்பு தலையில் இருக்கும்போதே சிக்கெடுக்க வேண்டும். இதுதான் முக்கியம். சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் சீவவே கூடாது. முடியை நாலு பாகமாகப் பிரித்துக் கொள்ளுங்கள். ஒரு பாகத்தின் நடுவில் இடது கையால் இறுக்கிப் பிடித்துக் கொண்டால் வேரில் இழுப்புத் தெரியாது. முதலில் விரல், பிறகு பல் அகலமான சீப்பு. நுனியில் ஆரம்பித்து, அங்கே சிக்கு போனதும் இரண்டு விரல்கடை மேலே, அப்புறம் இன்னும் மேலே என்று வர வேண்டும். நாம் இத்தனை நாள் உச்சியிலிருந்து இழுத்ததால் எல்லாச் சிக்கும் கீழே போய் ஒரே முடிச்சாகிவிட்டது. அதனால்தான் குழந்தை கத்தியது. சிக்கு ரொம்பக் கெட்டியாக இருந்தால் கத்தரிக்கோலை எடுத்துவிடுங்கள். முடிதானே, வளர்ந்துவிடும்.

துண்டால் பரபரவென்று துவட்டாதீர்கள். எங்கள் அத்தை பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறார்கள். அதை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தால் போதும், காற்றில் காய்ந்துவிடும். சாம்பிராணி போடுவதை விட்டுவிட்டோம். கூடைக்கு மேலே குழந்தையின் தலையைப் பிடிக்கும்போது அந்தப் புகை முழுவதும் அதன் நெஞ்சுக்குள்தான் போகிறது. நெருப்புத் துண்டு பக்கத்தில் இருக்கும் ஆபத்து வேறு. எண்ணெய்க் குளியலின்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கமும் வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக் காய்ச்சலில் கொண்டு போய் விடும்.

மற்ற நாட்களில் காலையில் கையைத் தண்ணீரில் நனைத்து முடியைத் தடவி, விரலால் சுருளை ஒதுக்கிவிடுகிறேன். இரண்டு நிமிஷ வேலை. கட்டினால் துணி சுற்றிய ரப்பர் பேண்டால் தளர்வாகக் கட்டுகிறேன். கட்டிய பிறகு நெற்றியைப் பாருங்கள். தோல் இழுபட்டு, புருவம் மேலே ஏறியிருந்தால் அது இறுக்கம். தூங்கும்போது எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். தலையில் துணி சுற்றித் தூங்க வைக்கவும் கூடாது, கழுத்துக்கு இறங்கிவிடும்.

இனி ஆபத்தான விஷயங்கள். இதைத்தான் நீங்கள் கத்தரித்து வைக்க வேண்டும்.

முதலாவது கற்பூரம். பேன் போகும், பொடுகு போகும் என்று எங்கள் வீட்டிலும் காய்ச்சி வைத்திருந்தோம். அதைச் சொன்னதும் டாக்டரம்மா குரலை உயர்த்திவிட்டார். கற்பூரம் சின்னக் குழந்தையின் வயிற்றுக்குள் கொஞ்சம் போனாலே வலிப்பு வந்துவிடும். உயிருக்கே ஆபத்து. தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். தலையில் தடவினால் குழந்தை கையால் தொட்டு வாயில் வைக்காமல் இருக்குமா? நாங்கள் அந்த எண்ணெயைச் சாதாரணத் தேங்காய் எண்ணெய்ப் புட்டியிலேயே ஊற்றி, கைக்கு எட்டும் மாடத்தில் வைத்திருந்தோம். கடவுள்தான் காப்பாற்றினார்.

இரண்டாவது, பேனுக்கு மண்ணெண்ணெயும் பூச்சி மருந்தும். எங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் செய்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். ஈரத் தலையில் கண்டிஷனரைத் தடவி, சிக்கெடுத்த பிறகு, பேன் சீப்பால் கொஞ்சம் கொஞ்சமாக வாரி எடுங்கள். மூன்று நாலு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் செய்தால் பேன் குறையும். மருந்து போட வேண்டுமானால் டாக்டரிடம் வயதைச் சொல்லிக் கேட்டுப் போடுங்கள்.

மூன்றாவது, முடி நேராக்கும் மருந்து. சிலவற்றைச் சூடுபடுத்தும்போது ஃபார்மால்டிஹைடு என்ற வாயு வருகிறது. கண்ணை எரித்து, மூச்சை முட்ட வைப்பது அதுதான். அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லேயே சொல்லிவிட்டது. வேறு சில மருந்துகளில் தோலைப் பொசுக்கும் காரம் இருக்கிறது. அழகு நிலையத்தில் பாப்பா இருமியது இதனால்தான் இருக்கும் என்றார் டாக்டரம்மா.

நாலாவது, கிளிப்பும் ஊசியும். மூன்று வயதுக்குள் எதையும் வாயில் போடும் வயது. மணி, முத்து, பூ ஒட்டிய கிளிப் உடைந்தால் தொண்டையில் அடைக்கும். திருவிழாக் கடையில் மினுக் மினுக்கென்று லைட் எரியும் கிளிப் விற்கிறார்களே, அதற்குள் பொட்டு மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது. அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் பொசுக்க ஆரம்பித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இருந்த இரண்டு கிளிப்பையும் தூர எறிந்துவிட்டேன்.

செல்போனில் வரும் வீடியோவைப் பார்த்துப் பூண்டுச் சாறு, எலுமிச்சைச் சாறு, சோடா உப்பு என்று குழந்தை தலையில் தேய்ப்பதும் வேண்டாம். தோல் வெந்துவிடும். தலையில் வட்ட வட்டமாக முடி கொட்டி, செதில் செதிலாக இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு எண்ணெய் கேட்காது, உள்ளுக்கு மருந்து சாப்பிட வேண்டும். இருந்த முடி திடீரென்று மெலிந்து, நிறம் வெளுத்து, குழந்தையும் சோர்ந்து இருந்தால் சத்துக்குறைவு இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி சுருட்டை முடிக்கு மருந்து எதுவும் தேவை இல்லை.

"இப்படித் தளர விட்டால் ஒழுங்காக இருக்குமா? நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடை கேட்பார்களே?" என்று சிலர் கேட்கலாம். தளர்வாகவும் சடை பின்னலாம். சுத்தமாக இருப்பது ஒன்று, இழுத்துக் கட்டுவது வேறொன்று. தினமும் முடியாது என்றால் கழுத்தளவுக்கு வெட்டிவிடுங்கள். பெண் குழந்தைக்குக் கிராப் வைத்தால் என்ன குறைந்துவிடும்? பையன்களுக்கு வெட்டவில்லையா? ஆசிரியைகளாக இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சுருட்டை முடிப் பிள்ளையை வகுப்பில் நிற்க வைத்து, "தலை சீவிட்டு வரலையா?" என்று கேட்காதீர்கள். அது சீவிய தலைதான். நான் அப்படி நின்றவள். அந்தச் சிரிப்புச் சத்தம் முப்பத்து நாலு வயதிலும் காதில் கேட்கிறது.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், நாம் குழந்தையின் தலையில் செய்யும் முக்கால்வாசி வேலை குழந்தைக்காக இல்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா என்ன சொல்வார், மண்டபத்தில் யார் என்ன கேட்பார் என்பதற்காகத்தான். என் அம்மா எனக்குச் செய்தார், நான் என் மகளுக்குச் செய்தேன். அவள் பொம்மைக்குச் செய்யத் தொடங்கிவிட்டாள். நான் இப்போது விட்டிருக்காவிட்டால் அவள் நாளைக்குத் தன் மகளுக்கும் இதையேதான் செய்வாள்.

அத்தையைக் குறை சொல்லி எழுதியதாக நினைத்துவிடாதீர்கள். நாலு பிள்ளை வளர்த்தவர்கள், தெரிந்ததைச் சொன்னார்கள். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டதும் கற்பூர எண்ணெயைக் கொல்லைப்புறத்தில் குழி தோண்டிக் கொட்டியது அவர்கள்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை சிக்கெடுப்பதும் அவர்கள் வேலை. நரிக் கதை சொல்லிக் கொண்டே விரலால் ஒவ்வொரு சுருளாகப் பிரிப்பார்கள். என்னைவிட அவர்களுக்குப் பொறுமை அதிகம். நெற்றி ஓரத்தில் பூனை முடி மாதிரி முளைத்து வருகிறது. மூன்றாவது மொட்டைப் பேச்சு நின்றுவிட்டது.

கேள்வி கேட்ட சகோதரிக்கு என் பதில் இதுதான். முடி நேராக வளர வழி இல்லை, தேவையும் இல்லை. யாராவது "என்ன இப்படிப் பரட்டையா இருக்கு?" என்று கேட்டால், குழந்தையின் காதில் விழும்படியாக, "எங்க வீட்டு முடி, அழகாத்தான் இருக்கு" என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். போன வாரம் எதிர்வீட்டுக்காரம்மாவிடம் நான் அப்படிச் சொன்னேன். பாப்பா என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, தன் தலையைத் தானே தொட்டுப் பார்த்துக் கொண்டாள்.

இப்போதெல்லாம் சீப்பு அலமாரியில் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

- ஒரு வாசகி, மானாமதுரை.